தேட ஆளில்லாத புதையல்

மாமல்லபுரத்தில் ஒரு புதையல் வேட்டை நடத்துவதென்று எங்கள் நண்பர் குழாம் முடிவெடுத்தது. முடிவெடுப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. அன்றிரவே வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதன் பெயர் பிடிக்காமல் இருவர் வெளியேறி, சமாதானமாகித் திரும்பியும் வந்துவிட்டார்கள்.

எதை ஒளித்துவைப்பது? 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டுக்குள் ஒரு வாளியை மறைத்துவைத்து, இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போட்டார். உலகமே தேட ஆரம்பித்துவிட்டது. நம்மூரில் வாளியை வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள். தவிர, 1984 முதல் மாமல்லபுரம் உலகப் பாரம்பரியச் சின்னம். மண்ணைத் தோண்டினால் தொல்லியல் துறை நம்மைத் தேடும்.

ஆகவே பல்லவச் சிற்பிகள் ஏற்கெனவே வைத்துவிட்டுப் போனவற்றையே பட்டியல் போட்டோம். அர்ச்சுனன் தபசில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். கைதூக்கித் தவம் செய்யும் பூனை, அதை நம்பிக் கும்பிடும் எலிகள். பேன் பார்க்கும் குரங்குக் குடும்பம். கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கும்போதே கன்றை நக்கும் பசு. எதையும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்பது கூடுதல் வசதி.

குறிப்பு எழுதும் பொறுப்பு தமிழாசிரிய நண்பருக்கு. பூனைக்கு வெண்பா எழுதினார். தளை தட்டவில்லை, பொருள்தான் தட்டுப்படவில்லை. கடைசியில் ஒரு 'மியாவ்' சேர்க்கச் சொன்னோம். ஈற்றுச்சீராக வந்தால் அது 'மலர்' வாய்பாட்டில் உட்கார்ந்துவிடும் என்று விரல்விட்டுப் பார்த்த பிறகே சம்மதித்தார்.

வேட்டை முடியுமிடம் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. சுமார் 250 டன் பாறை. அதைக் கையால் தாங்குவதுபோல் படம் எடுப்பது கட்டாயம் என்று ஒருவர் விதி சேர்த்தார். மறுக்க முடியவில்லை, அவர் வருவதே அதற்குத்தான்.

அணி பிரிக்கும்போதுதான் சிக்கல். விடை தெரிந்தவர் தேடக்கூடாது. எங்களுக்கோ எல்லாருக்கும் விடை தெரியும். எதுவுமே தெரியாதவர் ஒரே ஒருவர், குழுவை மியூட்டில் போட்டிருந்தவர். அவரையே மொத்த அணியாக அறிவித்து, பரிசையும் வாங்கி வைத்து, செய்தி அனுப்பியிருக்கிறோம். நீல டிக் இன்னும் விழவில்லை.