வள்ளிக்கு என்ன சான்றிதழ்?

சூரனைக் கொன்ற சினம் முருகனுக்குத் தணிந்தது எங்கள் திருத்தணி மலையில். அதனால்தான் கந்தசஷ்டிக்கு ஊரெல்லாம் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே மட்டும் புஷ்பாஞ்சலி. வள்ளியை அவர் கைப்பிடித்ததும் இங்கேதான்.

அந்தக் கல்யாணக் கதையைப் பெயர் மாற்றிப் படமாக எடுத்து, எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் "குடும்பத்தோடு பார்க்கலாமா ஐயா?" என்று கேளுங்கள். வீட்டில் ஒரு மனைவி இருக்க, தினைப்புனம் காக்கும் குறப்பெண்ணிடம் ஒருவன் வேடனாகவும் கிழவனாகவும் வேஷம் கட்டிப் போகிறான். மசியவில்லை என்றதும் அண்ணனை யானையாக வரவழைத்து மிரட்டுகிறான். அவளோ, பெற்றவர்களுக்குச் சொல்லாமல் அவனோடு கிளம்பிவிடுகிறாள். "சீச்சீ, வயசுப் பொண்ணுங்க இருக்கிற வீடு" என்பார் பெரியவர். இதே வள்ளி திருமணத்தைத் திருவிழாவில் விடிய விடிய, பாட்டியும் பேத்தியும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.

2025 ஜனவரியில் இயக்குநர் வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' டீசர் வந்தது. பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி காதலன் வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அவ்வளவுதான், பண்பாட்டின் ஓட்டுக்கூரை பறந்தது. படத்தைப் பார்க்காதவர்கள் எல்லாம் தீர்ப்பு எழுதினார்கள். ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டீசரை நீக்கச் சொன்னது. செப்டம்பர் 5 அன்று படம் தியேட்டருக்கு வந்தது. இந்தப் படத்தோடு தன் தயாரிப்பு நிறுவனத்தையே மூடுவதாகத் தயாரிப்பாளர் வெற்றிமாறன் சொல்லிவிட்டார்.

தியேட்டரில் நம் பெரியவர் எந்தப் படத்துக்கு வருகிறார்? எல்லை தாண்டினால் ஆந்திராவின் நகரி. எங்களுக்குத் தமிழ் மசாலாவும் உண்டு, தெலுங்கு மசாலாவும் உண்டு. நாயகன் ஒரே சண்டையில் இருபது பேரைச் சாய்க்கிறான். மடியில் பேரன் பாப்கார்ன் கொறிக்கிறான். வேண்டாம் என்பவளை இடைவேளை வரை விரட்டி விரட்டிக் காதலிக்கிறான் நாயகன். "பக்கா ஃபேமிலி படம்!" அவள் வேண்டாம் என்றால் குடும்பப் படம், வேண்டும் என்றால் சமூகச் சீர்கேடு. வீட்டுக்கு வந்தால் சீரியலில் மருமகளின் பாலில் விஷம் கலக்கிறாள் மாமியார். சீரியலுக்குத் தணிக்கைச் சான்றிதழே தேவையில்லை. சோறு இறங்குகிறது.

இந்த ஒழுக்கத்துக்கு ஒரு காலத்தில் ரொக்க மதிப்பும் இருந்தது. 2011-க்குப் பிறகு கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் 'யு' சான்றிதழ் கட்டாயம். 'யு' கிடைக்கிற வரை வெட்டிக்கொண்டே போனார்கள் தயாரிப்பாளர்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தது, வரிவிலக்கு போனது, ஒழுக்கத்தின் விலையும் விழுந்தது.

எந்தச் சான்றிதழும் இல்லாமல் வீட்டுக்குள் வந்த காட்சியும் உண்டு. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஓர் இளைஞனைப் பட்டப்பகலில், மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொன்றார்கள். கேமராவில் பதிந்த அந்தக் கொலையைச் செய்தி சேனல்கள் ஓட்டின. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். பிள்ளைகள் எழுந்து உள்ளே போகட்டும் என்று எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. "பெத்தவங்க வயித்தெரிச்சலையும் பார்க்கணும்ல" என்ற குரல்தான் கேட்டது. வள்ளியின் புராணத்தில் மாண்டவர்கள், அவளைத் துரத்தி வந்த வேடர்கள். வள்ளி மனமிரங்கியதும் அவர்கள் எழுந்தார்கள். உடுமலையில் யாரும் எழவில்லை.

ஆடிக் கிருத்திகை. தோளில் காவடியோடு, "வள்ளி மணாளனுக்கு அரோகரா" என்று 365 படியும் ஏறுகிறார் பெரியவர். கண்ணில் நீர். இறங்கியதும் மகளிடம் கை நீட்டுகிறார்:

"போனை இப்படிக் கொடு. நீ யார்கிட்ட பேசினேன்னு பார்க்கணும்."