வெளியில யார் இருக்கினம்?

கார் வாங்கப் போகிறவனிடம் என்ன கார் வேண்டும் என்று கேட்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்துக் கார் சேல்களில் அந்தக் கேள்வி நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் வரும். முதலில் ஒரு கதிரையைத் துணியால் தட்டிப் போடுவார்கள். குளிர்ந்த நெக்டோ ஒன்று வரும். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், இடம்பெயர்ந்து எங்கே இருந்தீர்கள் என்றெல்லாம் உறவு கொண்டாடுவார்கள். போத்தல் அரைவாசிக்கு வந்ததும், மழை வருமா என்று கேட்பது போல மெல்ல ஒரு கேள்வி வரும்.

"வெளியில யார் இருக்கினம், சேர்?"

வெளி என்றால் முற்றமல்ல. கனடா, சுவிஸ், பிரான்ஸ், லண்டன். காரின் விலை இந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது. சுவிஸ் என்றால் ஒரு விலை, பிரான்ஸ் என்றால் ஒரு விலை, ஒருவரும் இல்லை என்றால் லீசிங் மேசை. நான் இருபத்தேழு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவன். சார்பு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தப் படாத பாடு பட்டிருக்கிறேன். இப்போது சுலபமாகப் போய்விட்டது. காரின் விலை காரில் தங்கியிருப்பதில்லை, மச்சானில் தங்கியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்குக் கார் ஆசை வந்ததே பெற்றோல் வரிசையில்தான். 2022 ஆடி மாதம் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பங்கீடு. பரந்தனில் வரிசை நின்று, முகம் கறுத்து, 4 லீற்றரோடு வீட்டுக்கு வருகிறேன். மனைவி கணக்கை முடித்து வைத்திருந்தாள்.

"கார் எண்டால் இருபது. மோட்டச்சைக்கிள் எண்டால் நாலு. அஞ்சு மடங்கு. நீங்களெல்லோ கணக்கு வாத்தியார்?"

காரை வாங்கக் காசு எங்கே என்று கேட்டேன். அது வேறு பாடம் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். 2023 செப்ரெம்பரில் அந்தப் பங்கீட்டையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒரு வீட்டுக்குள் கார் என்ற சொல் ஒருதரம் வந்து குந்திவிட்டால் அரசாங்கம் அறிவித்தெல்லாம் எழும்பிப் போகாது.

அந்த நாளில் இப்படியெல்லாம் சேலும் இல்லை, சேல்காரரும் இல்லை. என் பெரியப்பாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ போட்டி இருந்தது. பெண் பார்க்கப் போவது போல நல்ல நாள் பார்த்துப் போய் வாங்கி வந்ததாகச் சொல்வார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து, பெற்றோல் கண்ணுக்கு விடும் மருந்து மாதிரி ஆகிவிட்டது. காபரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் ஆக்குவார். அது உறுமி எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது குப்பிவிளக்குத் திரி மாதிரி மணப்பார்கள். அந்தக் காரை யாரும் நல்ல கண்டிசன் என்று புகழவில்லை. ஓடுகிற கார் எல்லாமே நல்ல கண்டிசன்தான்.

இப்போது கண்டிசனைக் கேட்காமலே சொல்லுவார்கள். விலையைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அன்றிலிருந்து இலங்கையில் பழைய கார் ஒரு நகை. மற்ற நாடுகளில் ஓட ஓட விலை இறங்குமாம். இங்கே ஐந்து வருடம் ஓடி, ஒருதரம் மதகில் இடித்து, வாங்கிய விலையைவிடக் கூட விற்றவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். 2023இல் நான் முதலில் ஏறிய சேலில் ஒரு தம்பி சொன்னான்: "இனித் திறக்க மாட்டாங்கள் சேர், டொலர் இல்லை. விலை ஏறத்தான் போகுது, இப்பவே எடுங்கோ." 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்தார்கள். ஆசையோடு போனேன். அதே தம்பி, அதே கதிரை, அதே நெக்டோ. "திறந்தென்ன சேர், வரியைப் பாத்தனீங்களோ? புதுசை ஆர் வாங்கப் போறான்? பழசின்ர விலை ஏறத்தான் போகுது, இப்பவே எடுங்கோ." இரணைமடுக் குளத்தில்கூடத் தண்ணீர் இறங்கி நான் பார்த்திருக்கிறேன்.

கிளிநொச்சியில் மூன்று, வவுனியாவில் இரண்டு, முல்லைத்தீவுப் பக்கம் ஒன்று என்று ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் கார்களை ஓடியவர் ஒருவர்தான்: லேடி டொக்டர். வெள்ளைக் கார் என்றாலும் லேடி டொக்டர், சிவப்புக் கார் என்றாலும் லேடி டொக்டர். ஓர் இடத்தில் சின்ன லொறி ஒன்றுக்கும் அப்படித்தான் சொல்ல வாயெடுத்து, சுதாரித்துக்கொண்டார்கள். இத்தனை லேடி டொக்டர்மார் வன்னியில் உண்மையாகவே இருந்திருந்தால், நாங்கள் ஒரு காய்ச்சலுக்கு விடியப்புறம் எழும்பிப் போய்த் துண்டு எடுத்துக்கொண்டு குந்தியிருக்க வேண்டி வந்திராது.

நான் ஏறக்குறைய ஏமாந்த இடம் கிளிநொச்சிதான். சேலின் பெயர் வேண்டாம், ஏ9 வீதியில் என்று மட்டும் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டு வகன் ஆர், வெள்ளை. மனைவியும் வந்திருந்தாள். யோசனை சொல்ல கராஜ் வைத்திருக்கும் ஒரு பொடியனைக் கூட்டிப்போனேன். என்னிடம் படித்தவன், ஓ.எல்.லில் கணிதத்தில் சித்தியடையாதவன். உள்ளே போனால் விற்கிற தம்பியும் என்னிடம் படித்தவன். அவன் ஏ சித்தி. இருவரும் ஒரே வகுப்பாம். என் படிப்பித்தலின் பலன் அன்றைக்குக் காரின் இரண்டு பக்கமும் நின்றது.

"கதவைச் சாத்திப் பாருங்கோ சேர், சத்தத்தைக் கேளுங்கோ" என்றான் ஏ சித்தி. சாத்தினேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "மீற்றரைப் பாருங்கோ. நாப்பத்திரண்டாயிரம், ஒறிஜினல். லேடி டொக்டர் ஓடினது."

கராஜ் பொடியன் ஒன்றும் பேசவில்லை. சாரதி ஆசனப் பக்கம் குனிந்து பிரேக் பெடலை விரலால் தடவினான். இறப்பரில் இருக்க வேண்டிய வரி ஒன்றும் இல்லை. ஓரம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. "டொக்டரம்மா நல்லாத்தான் பிரேக் பிடிச்சிருக்கிறா" என்றான்.

அதற்குள் மனைவி பின்பக்கத்தால் ஏறி, காலடி விரிப்பைத் தூக்கிவிட்டாள். கடையில் புடவை எடுக்கும்போது முந்தானையைத் திருப்பிப் பார்க்கிற அதே கை. விரிப்புக்குக் கீழே கிரவல் வீதியின் செம்புழுதி ஒரு விரற்கடை உயரம். அதற்குள் ஏழெட்டு நெல். ஒன்று முளைவிட்டு, வெளிச்சம் காணாமல் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. அவள் முரசுமோட்டையில் வயலோடு வளர்ந்தவள். ஒன்றை எடுத்து நகத்தால் உமியை நீக்கிப் பார்த்தாள்.

"இது ஆட்டக்காரி நெல்லெல்லோ. லேடி டொக்டர் வயலும் செய்தவவோ, தம்பி?"

ஏ சித்தி ஒரு கணமும் தடுமாறவில்லை. "வருத்தக்காரர் அன்பளிப்பாக் குடுத்திருப்பினம், அன்ரி."

எனக்கு அந்த இடத்தில் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

விலை என்ன என்று கேட்டேன். வாகனம் பிடித்திருக்கிறதா என்று கேட்டான். பிடித்திருக்கிறது, விலை என்ன என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. வீட்டிலேயே ஒத்திகை பார்த்திருந்தோம். "ஒருத்தரும் இல்லை" என்றேன். மனைவியும் தலையாட்டினாள். சுவிஸிலே இருக்கும் சொந்தத் தம்பியை அவள் அப்படித் தலையாட்டி இல்லாமலாக்கியதை நான் இன்றைக்கும் அவ்வப்போது நினைவூட்டுகிறேன்.

ஐம்பத்திரண்டு இலட்சம் என்றான். ஆளில்லாதவனின் விலை அது. கையில் இருப்பதைக் கட்டி, மிச்சம் 25 இலட்சத்துக்கு லீசிங் போடலாம் என்று மேசைக்குக் கூட்டிப்போனான். போர் முடிந்தபின் ஏ9இல் வீடுகளைவிட வேகமாக எழும்பியவை நிதி நிறுவனங்கள்தான். அவர்களின் துண்டுப்பிரசுரம் எல்லா சேலிலும் இருக்கும். "மாசம் அறுபத்தோராயிரம்தான் சேர். அறுபது மாசம். தெரியாமலே போயிடும்." நான் துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் பெருக்கினேன். 36 இலட்சத்து 60 ஆயிரம். 11 இலட்சத்து 60 ஆயிரம் தெரியாமலே போகும். காட்டினேன். "சேர் இன்னும் மாறேல்ல" என்று சிரித்தான்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் அடித்தது. வட்ஸ்அப் வீடியோ. அவள் கட் பண்ணத்தான் போனாள், விரல் பச்சையில் பட்டுவிட்டது.

"அக்கா! காரைக் காட்டுங்கோ பாப்பம்!"

பின்னால் பனி, தலையில் கம்பளித் தொப்பி. சுவிஸ் என்று எழுதி ஒட்டாத குறை. சேல் முழுவதும் அமைதியாயிற்று. ஏ சித்தி எழும்பி, மனைவியின் கையிலிருந்து போனை மரியாதையாக வாங்கிக்கொண்டான். "வணக்கம் அண்ணை, சுவிஸில எந்த இடம்?" என்று தொடங்கியவன் அப்படியே காரைச் சுற்றி நடந்தான். பொனெற், சில்லு, ரயர், ஏ.சி. எல்லாவற்றையும் காட்டினான். விரிப்பை மட்டும் காட்டவில்லை. ஐந்து நிமிடத்தில் அவனுடைய பெரியம்மாவின் மகளும் மச்சானும் புதுக்குடியிருப்பில் ஒன்றாகப் படித்தவர்கள் என்று தெரியவந்தது. பத்தாவது நிமிடத்தில் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று அழைத்துக்கொண்டார்கள். காரை வாங்கப் போகிறவன் நான். நெக்டோப் போத்தலோடு ஓரத்தில் நின்றேன்.

போனை வைத்துவிட்டு வந்தான். "சேர், முதலாளி இப்பதான் மெசேஜ் போட்டவர். அது ஐம்பத்தேழாம்."

அதையும் கொடுத்திருப்போமோ என்னவோ, மச்சான் அங்கிருந்து துள்ளிக்கொண்டு நின்றான். காப்பாற்றியது பதிவுப் புத்தகம். காரின் புத்தகத்தைக் காட்டு என்றேன். "புத்தகம் லீசிங்கில நிக்குது சேர். ரெண்டு கிழமையில வந்திடும். அதுவரைக்கும் ஓப்பின் பேப்பர் தாறன்." பழைய சொந்தக்காரர் கையெழுத்து வைத்த படிவம், புதிய சொந்தக்காரரின் பெயர் வெறுமை. அந்தக் கையெழுத்துக்காரர் ஆண்பிள்ளை. டொக்டரும் அல்ல.

இந்த இடத்தில் என்னுடைய ஒரு கதையைச் சொல்ல வேண்டும். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, 2003இல் வவுனியாவில் ஒரு ஹீரோ ஹொண்டா மோட்டார் சைக்கிள் வாங்கினேன். ஓமந்தையில் பதிந்து, புளியங்குளத்தில் வரி கட்டி, புத்தம் புதிதாகக் கொண்டுவந்தேன். போர் முடிந்த 2009 வைகாசியில் அது வட்டுவாகல் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது, ஆயிரக்கணக்கான வாகனங்களோடு. நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி இருந்த பையோடு அதன் புத்தகமும் வந்தது. மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே ஈரம் படாமல் வைத்திருந்தேன். இன்றும் அலுமாரியில் இருக்கிறது. அடுத்த மூன்றாம் வருடம் ஒரு டிஸ்கவர் வாங்கினேன்; பழைய புத்தகத்தை எறிய மனம் வரவில்லை.

ஆக, என்னிடம் வாகனம் இல்லாத புத்தகம். அவனிடம் புத்தகம் இல்லாத வாகனம். இரண்டையும் சேர்த்து ஒரு வியாபாரம் செய்யலாமோ என்று கராஜ் பொடியன் கேட்டான். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தோம்.

கடைசியில் கார் கிடைத்தது விசுவமடுவில், சேல் இல்லாத ஒரு வளவில். 2006ஆம் ஆண்டு மாருதி, பனை நிழலில் நின்றது. வயல் செய்கிற ஐயா ஒருவர்; கதிரையும் தரவில்லை, நெக்டோவும் தரவில்லை.

"ரெண்டாம் கியர் துள்ளும் தம்பி. ரக்ரர் மிதிக்கிற காலால மிதிச்சு நான்தான் பழுதாக்கினனான். மழைக்கு இடப்பக்கத்தால தண்ணி வரும். ஏ.சி. எப்பவோ நிண்டுபோச்சு. ஒருக்கா மாட்டில இடிச்சனான். மாட்டுக்கு ஒண்டுமில்லை."

விலை என்றேன். பதினாறு என்றார். குறைக்க மாட்டேன், கூட்டவும் மாட்டேன் என்றார். புத்தகத்தைத் தானாகவே எடுத்துவந்து தந்தார். அவருடைய பெயர்தான் இருந்தது. வெளியில யார் இருக்கினம் என்று அவர் கேட்கவேயில்லை.

எனக்குக் கைகால் நடுங்கத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து இரவிரவாகக் கதைத்தோம். இந்த மனிசன் எதையோ மறைக்கிறார், இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு உண்மை சொல்ல வேண்டும் என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. கராஜ் பொடியனை இரண்டு தரம் அனுப்பினேன். அவர் சொன்ன குறைகள் எல்லாம் இருக்கின்றன, சொல்லாத குறை ஒன்றும் இல்லை என்று வந்து சொன்னான். அதை நம்ப எங்களுக்கு மூன்று கிழமை எடுத்தது. அதற்குள் வேறு யாரும் வாங்காததற்குக் காரணமும் அதுதான். பார்க்க வந்த எல்லோரும் எங்களைப் போலவே பயந்து ஓடியிருக்கிறார்கள்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது இரண்டாம் கியர் துள்ளியது. சொன்னபடி.

இனி ஒரு வேண்டுகோள். என்னுடைய 2012 டிஸ்கவரை விற்க இருக்கிறேன். நல்ல கண்டிசன். ஒரு வாத்தியார் ஓடினது, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் மட்டும். செம்புழுதி எல்லாம் கழுவியாயிற்று. புத்தகம் கையில். விலையை நேரில் கதைப்பம். வரும்போது, வெளியில யார் இருக்கினம் என்பதை மட்டும் ஞாபகப்படுத்திக்கொண்டு வாருங்கோ.