காலித் தொட்டி என்று ஒன்று கிடையாது

உறங்கும் கிழங்கை எந்த மாதத்தில், எப்படி எழுப்ப வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுவேன். அதற்கு முன்னால் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடிப் பெண்மணியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மொட்டைமாடியில் என் தொட்டி ஒன்றில் வெந்தயம் தூவிவிட்டார். கேட்டால், “சும்மாதானே சார் கிடந்துச்சு? வெறும் மண்ணு” என்கிறார். வெறும் மண்ணாம்! நாமெல்லாம் வருஷத்தில் பாதி நாள் வேறு எதை வளர்க்கிறோம்? உள்ளே செங்காந்தள் தூங்குகிறது. மாசி பங்குனியில் கொடி காய்ந்து விழுந்தால் ஆனி, ஆடி வரை கிழங்கு அசையாது. அதுவரை தண்ணீர் காட்டக் கூடாது, அழுகிவிடும். அந்தம்மா காலையும் மாலையும் வாளியோடு வந்து ஊற்றியிருக்கிறார். வெந்தயமோ மூன்றாம் நாளே தலையைத் தூக்கிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாளே முளைக்கிறதெல்லாம் ஒரு விதையா?

“இது நம்ம மாநில மலரும்மா” என்றேன். மசியவில்லை. “கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூவை அடுக்குகிறார், முதல் பூவே காந்தள்தான். வெந்தயத்துக்கு அதில் இடமே இல்லை” என்றேன். “அப்படிங்களா” என்று வாளியைக் கீழே வைத்தார். கடைசியில், “கிழங்கில் கால்சிசின் இருக்கு, விஷம், தின்றால் ஆள் காலி” என்று போட்டேன். அது வேலை செய்தது, ஆனால் எனக்கு எதிராக. “விஷத்தையா சார் குழந்தைங்க விளையாடுற இடத்துல வளர்க்கிறீங்க?” மூலனூர் பக்கம் இதை வயலிலேயே படரவிட்டு, அந்த விதையை மருந்துக்காக வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள் என்று நான் ஆரம்பிப்பதற்குள் படியிறங்கிவிட்டார். நேராகச் சங்கச் செயலாளர் வீட்டுக்குத்தான் போயிருப்பார்.

போகட்டும். கிழங்கு என்றால் உள்ளே ஒன்று இருக்கிறது என்ற நிச்சயமாவது உண்டு. விதை போட்ட தொட்டியில் என்ன இருக்கிறது என்பது விற்றவனுக்குத்தான் வெளிச்சம். இணையக் கடையில் ‘அசல் காஷ்மீர் குங்குமப்பூ விதை, நூறு எண்ணிக்கை’ என்று விற்கிறான். ஐயா, குங்குமப்பூச் செடியின் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இல்லாமல் மும்மூன்றாக இருக்கின்றன. அதனால் அது விதையே பிடிக்காது. பாம்பூரில் பரம்பரையாகக் கிழங்கை வைத்துத்தான் பயிரிடுகிறார்கள். இல்லாத விதையை நூறாக எண்ணிப் பொட்டலம் கட்ட எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! அவன் அனுப்புவது குசும்பா விதை. முளைக்கும், பூக்கும், முள்ளும் குத்தும்.

கிழங்கை எழுப்பும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், இந்த நீல ரோஜாவை மட்டும் முடித்துவிட்டு. நீலத்துக்கு டெல்பினிடின் என்ற நிறமி வேண்டும். ரோஜாவுக்கு அதை உண்டாக்கத் தெரியாது. ஜப்பானில் சன்டோரி என்ற மதுபானக் கம்பெனி 1990இல் ஆராய்ச்சியைத் தொடங்கி, பான்சிச் செடியிலிருந்து மரபணுவை எடுத்துச் சேர்த்து, 2004இல் வெற்றி என்று அறிவித்து, 2009இல்தான் பூவைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதுவும் பார்வைக்குக் கத்தரிப்பூ நிறம்தான். அவ்வளவு பேர் அவ்வளவு காலம் மல்லுக்கட்டியதை, படத்தில் நீலச் சாயத்தைத் தடவி நாற்பத்தொன்பது ரூபாய்க்குத் தருகிறான், கூடவே கறுப்பு ரோஜா இலவசம். கீழே வாங்கியவர்களின் கருத்துகள் வேறு: ‘இன்னும் முளைக்கவில்லை, பேக்கிங் அருமை, ஐந்து நட்சத்திரம்.’ ‘பரிசாகக் கொடுத்தேன், மகிழ்ந்தார்கள்.’ ‘விதை சின்னதாக இருக்கிறது, டெலிவரிப் பையன் நல்ல மாதிரி.’ இந்த மகாஜனங்களைத்தான் முதலில் தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆர்க்கிட் விதையையும் விடவில்லை. உண்மையான ஆர்க்கிட் விதை தூசுதான். ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில் இருக்கும். உள்ளே கட்டுச்சோறு கிடையாது. காட்டில் ஏதாவது பூஞ்சை ஊட்டினால்தான் பிழைக்கும், ஆய்வகத்தில் என்றால் குடுவைக்குள் சர்க்கரை கலந்த கூழ் வேண்டும். எனக்கு வந்த ‘ஆர்க்கிட்’ கொத்தமல்லி அளவில் இருந்தது. தேங்காய்நாரும் கரியும் தேடிப்பிடித்து, குடைபிடிக்காத குறையாகக் காத்தேன். முளைத்தது மணத்தக்காளி. அதுகூட அந்த விதை இல்லை, காக்காய் போட்டதாம். வீட்டில் வற்றல் போட்டுவிட்டார்கள்.

எரிச்சல் என்னவென்றால், விதை நினைத்தால் முளைக்கும். இஸ்ரேலில் மசாடா கோட்டையைத் தோண்டியபோது கிடைத்த பேரீச்ச விதை, வயது ஏறக்குறைய இரண்டாயிரம். நாற்பது வருஷத்துக்கு மேலாக எடுத்துவைத்த இடத்திலேயே கிடந்துவிட்டு, 2005இல் நட்டதும் முளைத்துவிட்டது. நான் போன மாதம் வாங்கியதை வெந்நீரில் ஊறப்போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, ஈரக் காகிதத்தில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயிற்று. “இது ஃப்ரிட்ஜா, பிரசவ ஆஸ்பத்திரியா?” என்று மனைவி கேட்டதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் நடுவே உருப்படியாகப் பூத்தது ஒன்றுதான். கோயம்பேட்டில் வறுவலுக்கு வாங்கிய சேனை. ஊரெல்லாம் விற்கிற கிழங்கு, ஆனால் பூவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பூக்கும் வயது வருவதற்குள் அதைக் குழம்பில் போட்டுவிடுகிறோமே! நான் அதைத் தொட்டியிலேயே விட்டுவைத்தேன். கோடைமழை ஒன்று பெய்ததும் இலைக்கு முன்னாலேயே, கருஞ்சிவப்பில், சுருக்கம் விழுந்த மண்டையோடு கிளம்பியது. பங்காளி முறையில் இதற்கு ஒரு பெரியண்ணன் உண்டு. 1878இல் சுமத்ராவில் பெக்காரி என்ற இத்தாலியர் கண்டது. அதன் விதையிலிருந்து வளர்ந்த செடி 1889இல் லண்டன் கியூ தோட்டத்தில் பூத்தது. இப்போதும் அது எங்கே பூத்தாலும் பிண நாற்றத்தை முகர ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

எங்கள் மாடியில் வரிசை எதுவும் நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவுகட்டி, செயலாளர் தலைமையில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தேடக் கிளம்பினார்கள். டார்ச் விளக்கு யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்கள். நான்தான் எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.