நாலு பேர் சுட்டால் குற்றம்

சென்னையின் பெரிய நட்சத்திர ஓட்டல்களில் அவ்வப்போது 'தெருவோர உணவுத் திருவிழா' என்று ஒன்று நடக்கும். ஏசி ஹாலின் நடுவே ஒரு தள்ளுவண்டி நிற்கும். சக்கரத்துக்கு வார்னிஷ், கூரைக்குச் சாமந்தி மாலை, ஓரத்தில் எரியாத ஒரு அரிக்கேன் விளக்கு. கேட்டரிங் படித்த இளைஞர் ஒருவர் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு, "கொத்து பரோட்டா போடட்டுமா சார்?" என்று குனிந்து கேட்பார். விலையைப் பார்த்து மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க மெத்தை நாற்காலி உண்டு. வரி தனி. இந்த ஊரில் ஒரு தள்ளுவண்டி மாநகராட்சியின் பறிமுதல் லாரிக்குப் பயப்படாமல் நிற்கும் ஒரே இடம் அதுதான்.

அதே வண்டி ஓட்டல் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு.

ராத்திரி பத்து மணிக்குமேல் இந்த நகரத்துக்கு யார் சோறு போடுகிறார்கள்? கோயம்பேட்டில் மூட்டை இறக்குகிறவருக்கு, அரசுப் பொது மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்துவிட்டு வாசலில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் விழுப்புரத்துக்காரருக்கு, ஓஎம்ஆரில் அமெரிக்காக்காரனின் பகலுக்காக விழித்திருக்கும் பெண்ணுக்கு? தட்டுக்கடைதான். முதுகுப் பெட்டியில் யாரோ ஒருவரின் அறுநூறு ரூபாய் பிரியாணியைச் சுமந்துகொண்டு வரும் டெலிவரி பையன்கூட, வண்டியை ஓரங்கட்டி, நாலு இட்லியை நின்றபடியே விழுங்கிவிட்டுத்தான் போகிறான். கையில் தட்டை ஏந்திச் சாப்பிடுவதால் 'கையேந்தி பவன்' என்று நாம் வைத்த பெயர் நல்ல நகைச்சுவைதான். ஆனால் அங்கே உண்மையில் யார் யாரிடம் கையேந்துகிறார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பாரிமுனைக்குப் போங்கள், இரண்டாம் கடற்கரைச் சாலைப் பக்கம். பர்மா கடைகள். மஞ்சள் நூடுல்ஸை அள்ளி, நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு, மேலே பேஜோ என்ற மொறுமொறுப்பான பர்மியத் தட்டையை நொறுக்கித் தூவி, கையாலேயே ஒரு பிசை பிசைந்து தட்டில் தள்ளுவார்கள். அதுதான் அத்தோ. தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைப் பிளந்து உள்ளே வெங்காயமும் பூண்டும் திணித்துத் தருவதை ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் சட்டை போய்விடும். 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபின், கடைகளையும் சொத்தையும் பறிகொடுத்துக் கப்பலேறி வந்த தமிழர்கள் கூடவே கொண்டுவந்த ருசி இது. அதை மட்டும்தான் சுங்கத்தில் பிடுங்க முடியவில்லை. ராணுவத்துக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே மாநகராட்சி லாரியின் ஹாரனுக்குக் காது கொடுத்தபடி அத்தோ பிசைகிறார்கள். முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. படித்தால் கண்ணீர் வரும், அவ்வளவு அழகு. தெருவில் வியாபாரம் செய்வது அரசியலமைப்பு தந்த அடிப்படை உரிமை, நியாயமான கட்டுப்பாடுகள் போடலாம், அவ்வளவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. 2014இல் தெரு வியாபாரிகள் சட்டமே வந்தது. கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். 50 ஆண்டுக்கு மேல் கடை நடந்த இயல்பான சந்தை என்றால் பாரம்பரியச் சந்தை, அங்கிருப்பவர்களைக் கிளப்பவே கூடாது. பாரிமுனையில் அத்தோவின் வயதைக் கூட்டிப் பாருங்கள்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பறிமுதல் பிரிவு. கெட்டுப்போகாத பொருள் என்றால், கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கெட்டுப்போகும் பொருள் என்றால் கேட்ட அன்றைக்கே. எழுதியவர் மகா கருணையாளர். ஒருநாளும் லாரி வருவதைப் பார்த்ததில்லை. லாரி வந்தால் எப்படி இருக்கும்? நாலு பேர் குதிப்பார்கள். அடுப்பை அணைக்கக்கூட நேரம் தரமாட்டார்கள். மத்தியானம் மூன்று மணியிலிருந்து அரைத்து, வதக்கி, கொதிக்க வைத்த சால்னா குண்டானோடு கவிழும். மாவு வாளி ரோட்டில் உருளும். வண்டியை அப்படியே தூக்கி, ஏற்கெனவே கிடக்கும் வண்டிகளின்மேல் எறிவார்கள். கடைக்கார அம்மா லாரியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு, "சார், கல்லையாவது குடுங்க சார்" என்று கொஞ்ச தூரம் ஓடும். இனி அந்த அம்மா விண்ணப்பம் எழுதி, ரோட்டில் ஓடிய சால்னாவை அன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். சட்டம் இடம் தருகிறது.

அந்த வண்டியை வைத்துத் தொழில் செய்ய 10,000 ரூபாய் கடனுக்கு வழி செய்ததும் அரசாங்கம்தான். 2020இல், கொரோனாவில் எல்லாம் படுத்துவிட்ட நேரத்தில், தெரு வியாபாரிகள்தான் பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்று மேடைக்கு மேடை பேசி ஒரு கடன் திட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான தவணை லாரிக்குள் கிடக்கும் வண்டிக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நடைபாதையை அடைக்கிறார்களே என்பீர்கள். அடைக்கிறார்கள்தான். அதே நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது, தலைவர் பிறந்தநாள் பேனர் நிற்கிறது, உங்கள் கார் நிற்கிறது. இவற்றில் சால்னா மட்டும்தான் கண்ணை உறுத்துகிறது. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி ஒன்பதரைக்கு "நியூசென்ஸ்" என்று புகார் போடுகிறவரே பத்தேகாலுக்கு வாட்ச்மேனை அனுப்பி இரண்டு முட்டை தோசை பார்சல் வாங்குகிறார். சுத்தம் இல்லையாம். தட்டுக்கடையில் அடுப்பு, எண்ணெய், மாவு, கை எல்லாம் நம் மூக்குக்கு எதிரே இருக்கின்றன. ஏசி ஓட்டலின் சமையலறையை எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

அடுத்தது நேரம். 2019இல் தமிழ்நாட்டு அரசு ஒரு ஆணை போட்டது: பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். பிறகு அதை நீட்டித்தார்கள். நல்ல ஆணை. ராத்திரிப் பொருளாதாரம் வளரும் என்றார்கள். தட்டுக்கடையில் மொத்தம் நாலு பேர். கல்லில் நிற்கிறவர், மாவு ஊற்றும் மனைவி, பார்சல் கட்டும் மச்சான், தட்டு கழுவும் ஆயா. மணி பதினொன்றைத் தொட்டதும் ரோந்து வண்டி வந்து லத்தியால் வண்டிக் கம்பியைத் தட்டும்: "இன்னும் எத்தன நேரம்டா? லைட்ட ஆஃப் பண்ணு." பத்துப் பேர் சேர்ந்து பரோட்டா சுட்டால் வளர்ச்சி. நாலு பேர் சேர்ந்து சுட்டால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. அரசு கேட்பது பத்துப் பேரைத்தானே? காட்டிவிடலாம். நாலு பேர் இருக்கிறார்கள். ஐந்தாவது, வாரா வாரம் மாமூலுக்கு வரும் பீட் கான்ஸ்டபிள். ஆறாவது, காசு கேட்கவே கேட்காத கண்ணியவான், ரோந்து வண்டி ஏட்டு. "சால்னா தனியா கட்டு" என்பதோடு சரி. ஏழாவது, கட்சி மாறினாலும் கை மாறாத வட்டப் பிரமுகர். எட்டாவது, பத்தாயிரம் என்று சொல்லி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து நூறு நாள் வசூலிக்கும் தண்டல்காரர். ஒன்பதாவது, ராத்திரி எட்டுக்கே ஷட்டரை இறக்கிவிட்டு, தனக்குச் சொந்தமில்லாத நடைபாதைக்கு வாடகையும் ஒரு பல்புக்குக் கரண்ட் காசும் வாங்கும் எதிர்க்கடை முதலாளி. பத்தாவது ஆள் ரொம்ப முக்கியம். நாளைக்கு லாரி எந்தத் தெருவுக்கு வரும் என்று முதல் நாளே போனில் சொல்லிக் காசு வாங்குகிறவர்.

பத்தாயிற்று. எல்லோருக்கும் சம்பளம் அந்தக் கல்லில் இருந்துதான் போகிறது. கடைசி ஆறு பேரும் மழையானாலும் தீபாவளியானாலும் லீவு போடுவதில்லை. ஒரு வருகைப் பதிவேடு வாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் தட்டுக்கடை விடிய விடிய நடக்கலாம், அரசாணைப்படியே. அந்த ஆறு பேரும் காசுக்குத் தவறாமல் வருவார்கள். கையெழுத்துப் போடத்தான் ஒருத்தரும் வரமாட்டார்கள்.