தெரியுதுங்களா?

பழைய பென்ஸ்காரர் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏனுங்க சார், ஒரே ஒரு நிமிஷம் உள்ள உக்காந்து பாருங்க" என்றால் உட்காராதீர்கள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார் என்று சொல்லுங்கள். கையில் பால் பாக்கெட்டோடு, மரியாதைக்காக உட்கார்ந்தவன் நான். மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் முழுசாக எழுந்திருக்கவில்லை.

உட்கார்ந்ததும் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவார். எங்கோ போகப்போகிறோம் என்று சீட் பெல்ட்டைத் தேடாதீர்கள். வண்டி எங்கும் போகாது. பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கியரை 'டி'யில் போடுவார். ஏ.சி.யைப் போடுவார். அது நமக்கு வேர்க்கிறதே என்று இல்லை. கம்ப்ரஸர் ஓடினால் இன்ஜினுக்குப் பாரம் கூடும், பாரம் கூடினால் நடுக்கம் கூடும், அதற்காக. ரேடியோவை அணைப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். தீபாராதனை நேரத்து முகம் ஒன்று வந்து உட்காரும்.

"தெரியுதுங்களா?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் எங்கள் அபார்ட்மெண்டில் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. "தெரியலையே" என்றால், "அவசரப்படாதீங்க, முதுக சீட்டுல நல்லா சாச்சுப் பாருங்க" என்பார். நம் கையைப் பிடித்து ஸ்டியரிங்கில் வைப்பார், அங்கிருந்து கியர் குமிழில், கதவில், கடைசியாகக் கண்ணாடி மேல். கல்யாணத்தில் கன்னிகாதானம் பண்ணும்போதுகூட என் கையை இவ்வளவு இடத்தில் வைக்கவில்லை. "தெரியுதுங்க" என்றால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். "எங்க தெரியுது? ஸ்டியரிங்லயா, சீட்லயா?" என்று வாய்மொழித் தேர்வு தொடங்கும். இரண்டும் வேண்டாமென்று "லேசா…" என்று இழுத்தீர்களோ, அன்று ஆபீஸுக்கு லீவு சொல்லிவிடலாம். "லேசாவா? அப்ப உங்களுக்கே தெரியுதுன்னா…" என்று தொடைமேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்ஜின் மவுண்டிங் புராணத்தை ஆதியிலிருந்து ஆரம்பிப்பார்.

புராணம் எனக்கு மனப்பாடம். நாலு சிலிண்டர் இன்ஜின். வண்டி நிற்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 750 சுற்று. சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் வெடிக்கும். ஆக நொடிக்கு 25 அடி. அந்த 25 அடியும் நம் முதுகுக்கு வராமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்கிற ஜீவன்தான் மவுண்டிங். வெறும் ரப்பர் துண்டு என்று நினைத்துவிடக் கூடாது. நான் ஒருமுறை நினைத்து, வாய்விட்டும் சொல்லிவிட்டு அனுபவித்தேன். ரப்பருக்குள் இரண்டு அறை, அறைக்குள் திரவம். இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு ஒரு சின்னச் சந்து வழியாகப் போய்ப்போய் வரும். அந்தப் போக்குவரத்தில் நடுக்கம் கரைந்துபோகும். ரப்பர் வெடித்துத் திரவம் ஒழுகிவிட்டால் இன்ஜின் கொஞ்சம் கீழே அமுங்கி உட்காரும். அதன்பின் இன்ஜினின் கோபமெல்லாம் நேரே பாடிக்கு. "வண்டி ஓடலைன்னாலும் ரப்பர் கெட்டிப்படுங்க. சும்மா நின்னாலும் வயசாகும். நம்மள மாதிரித்தான்." இந்த இடத்தில் சிரிக்க வேண்டும். நான் முதல் வருஷம் நிஜமாகவே சிரித்தேன்.

வார்த்தையை நம்பாதவர்களுக்கு டம்ளர். பேர் வெட்டின எவர்சில்வர் டம்ளர், வெட்டியிருப்பது அவர் மாமனார் பேர். விளிம்புக்கு ஒரு விரற்கடை விட்டுத் தண்ணீர் ஊற்றி டேஷ்போர்டில் வைத்து, குனிந்து, தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்வார். வட்டம் வட்டமாக மெல்லிய அலை நடுவிலிருந்து கிளம்பி ஓரத்தில் போய் உடையும். சத்தியமாக அழகாகத்தான் இருக்கும். வீட்டில் டம்ளரைக் காணோமென்று அம்மாள் மூன்றாம் மாடியிலிருந்து கூப்பிடுவார். இவருக்குக் காது கேட்காது. டேஷ்போர்டுக்குள் எலி மூச்சு விட்டால் கேட்கும்.

அந்தச் சீட்டில் உட்காராதவர் எங்கள் காம்பவுண்டில் இல்லை. கூரியர் பையன் உட்கார்ந்திருக்கிறான். சிலிண்டர் போடுகிறவர் தோளிலிருந்து சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க வந்த குருக்களைத் தட்டோடு உட்கார வைத்துவிட்டார், கற்பூரம் அணைந்தது. இஸ்திரிக்காரர் ஒருவர்தான் அவரை வாயடைத்தவர். கியர் குமிழில் கைவைத்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நடுங்குதுங்க. ஆனா எனக்குச் சர்க்கரை இருக்குதுங்க, கையே நடுங்கும்" என்றார்.

மற்ற பழக்கங்களும் உண்டு. மழை பெய்தால் அந்த ஒற்றை வைப்பர் கண்ணாடியின் மூலைவரை எட்டித் துடைக்கும் அழகைக் காட்ட ஆள் தேடுவார். வண்டியை வரைந்த கூட்டத்துக்குத் தலைவராக இருந்த புரூனோ சாக்கோவின் பெயரைக் குலதெய்வத்தின் பெயரைப் போலக் குரலைத் தாழ்த்திச் சொல்வார். 1984-ல் ஜெர்மனியில் வந்த மாடல், பூனாவில் டெல்கோவோடு சேர்ந்து 1995-ல் இங்கே பூட்ட ஆரம்பித்தார்கள், தன்னுடையது 96 என்பதைப் பேச்சோடு பேச்சாக, கத்தரிக்காய் விலை கேட்கும்போதுகூடச் சேர்த்துவிடுவார். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நடுக்கம்தான்.

இத்தனைக்கும் மவுண்டிங் மாற்றாமல் இல்லை. மூன்று தடவை மாற்றினார்.

முதல் தடவை, "ரப்பர்தானுங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு மெக்கானிக் உள்ளூரில் வார்த்த கெட்டி ரப்பரைப் போட்டுக் கொடுத்தார். எடையைத் தாங்கியது, சரி. நடுக்கத்தையும் ஒன்று விடாமல் மேலே அனுப்பியது. அதுவரை டம்ளரில் அலை அடித்தது. இப்போது டம்ளரே நடந்தது. கண்ணாடியில் பின்னால் வரும் ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரிந்தது. இரண்டாம் தடவை முன்பக்கம் வலது, இடது இரண்டும் ஒரிஜினல், பின்னால் கியர் பாக்ஸைத் தாங்குகிற மூன்றாவதை மட்டும் "நல்லாத்தான இருக்குது" என்று பழசையே விட்டுவிட்டார். முக்காலிக்கு இரண்டு கால் புதுசு, ஒரு கால் உளுத்தது. ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் புதுசு இரண்டும் பழசோடு சேர்ந்து கெட்டன.

மூன்றாம் தடவைதான் ஞானம் வந்து, மூன்றையும் சேர்த்து ஜெர்மனிச் சரக்காக வரவழைத்தார். பார்சல் வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, குழந்தையைக் காட்டுகிற மாதிரி அட்டைப்பெட்டியைத் திறந்தார். தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி ஓர் இரும்புக் கிண்ணம், உள்ளே கறுப்பு ரப்பர். அவ்வளவுதான். மூன்றும் சேர்த்து விலை ஐந்து இலக்கம். இலக்கத்தைச் சொன்னாரே தவிர எண்ணைச் சொல்லவில்லை. அம்மாளுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாமனார் டம்ளருக்கே அவ்வளவு கூப்பாடு என்றால் இதற்கு என்ன ஆகும் என்ற பயம் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை. சிங்காநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு மெக்கானிக் வந்தார், அதிகம் பேசாத மனிதர், பேச இடமும் இல்லை. ஆயில் சேம்பருக்கு அடியில் நேராக ஜாக்கியைக் கொடுத்தால் நசுங்கிவிடும் என்று நடுவில் ஒரு கட்டையை வைத்துப் பொறுமையாகத் தூக்கினார். விசிறி அதன் கூட்டில் இடித்துவிடக் கூடாது, ஹோஸ் எதுவும் இழுபடக் கூடாது, அதனால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு நிறுத்தம். நம்மவர் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் "பாத்துங்க, பாத்துங்க" என்றார். கைக்கெட்டாத ஓர் இடத்துப் போல்ட் மூன்று மணி நேரம் தின்றது. கழன்று வந்த பழசை என் கையில் கொடுத்தார்கள். ரப்பர் பாளம் பாளமாக வெடித்து, ஓரமெல்லாம் எண்ணெய்ச் சிக்குப் பிடித்த கறுப்புப் பிசுக்கு. புதுசின் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு விரல் குள்ளம். இன்ஜினை இறக்கி, அது தன் எடையில் தானாக உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்கினார் மெக்கானிக். அந்த ஒரு காரியத்தை யாரும் சொல்லாமலே செய்தார். அதிலேயே அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

சாயங்காலம் வழக்கம்போல் கதவைத் திறந்து பிடித்தார். உட்கார்ந்தேன். பிரேக், 'டி', ஏ.சி., கண்.

"தெரியுதுங்களா?"

நிஜமாகவே தெரியவில்லை. இன்ஜின் ஓடுகிறதா என்று முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். டம்ளர் கோயில் குளம் மாதிரி அசையாமல் நின்றது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சறிய "இல்லைங்க" என்றேன். மகிழ்ச்சியில் கட்டிப்பிடிப்பார் என்று கொஞ்சம் ஒதுங்கிக்கூட உட்கார்ந்தேன். அவர், "சரிங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து ராத்திரி பத்து மணிக்குக் குப்பை கொட்ட வெளியே போனபோது பார்க்கிங்கில் வண்டி விளக்கு எரிந்தது. தனியாக உள்ளே உட்கார்ந்திருந்தார். டேஷ்போர்டில் டம்ளர். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி, "என்னமோ மாதிரி இருக்குதுங்க சார்" என்றார். அன்றைக்கு நானாகக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பால் பாக்கெட், மாமனார், எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அடுத்த வாரமே நடுக்கத்தின் சத்தத்தில் இத்தனை நாள் அமுங்கிக் கிடந்த ஒரு 'டிக் டிக்' வலப்பக்கக் கதவுக்குள்ளிருந்து கேட்க ஆரம்பித்தது என்று சொன்னார். அவர் முகத்தில் ரத்தம் ஏறியது.

இவ்வளவு தூரம் நல்லபடியாகவே எழுதிவிட்டேன். இனி ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வராததே அதனால்தான்.

எங்கள் கட்டடத்தில் சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், தரைத்தளத்தில் என் படுக்கையறைச் சுவரை ஒட்டியிருக்கிறது. அடியில் வைத்திருந்த ரப்பர் போய்ப் பல நாளாயிற்று. தினமும் காலை ஐந்து மணிக்கு மோட்டார் போட்டால் சுவர் அதிரும், கட்டில் அதிரும், அலமாரியில் பாத்திரம் பேசும். புது ரப்பர் வைத்து, நாலு போல்ட்டை மாற்றினால் தீர்ந்தது. 12 வீடு, வீட்டுக்கு 150 ரூபாய். சங்கக் கூட்டத்தில் பதினோரு பேர் சரி என்றார்கள். பம்புசெட்டுக்குப் பேர் போன இந்தக் கோயம்புத்தூரில், ஒரு பம்ப் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் மட்டும் எழுந்து, "மோட்டார்னா நடுங்கத்தானுங்க செய்யும். அதுக்கெல்லாம் செலவு பண்ணீட்டு இருந்தா முடியுங்களா?" என்றார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குப் போனது. அடுத்த கூட்டம் இன்னும் வரவில்லை. பச்சையாகவே சொல்கிறேன்: அவருடைய நடுக்கத்துக்கு மூன்று வருஷம் கை கொடுத்திருக்கிறேன், என் நடுக்கத்துக்கு அவர் ஒரு கை தூக்கவில்லை.

போன வாரம் பொறுக்க முடியாமல் போய்விட்டது. விடிகாலையில் அவர் வீட்டு மணியை அடித்து, லுங்கியோடு வந்தவரை அப்படியே கீழே கூட்டிவந்து, என் படுக்கையறையில் நிறுத்தினேன். என் மனைவி போர்வையோடு ஹாலுக்குப் போனாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தேன்.

"தெரியுதுங்களா?"

கண்ணை மூடினார். ரொம்ப நேரம் மூடியே நின்றார். கையை மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார், காதை வைத்துக் கேட்டார். அலமாரிக் கதவைத் தொட்டுப் பார்த்தார். என்மேல் கோபமே இல்லை. "மவுண்டிங்தானுங்க" என்றார், மெதுவாக. "இருங்க, வர்றேன்."

பத்து நிமிஷத்தில் 'தினத்தந்தி'யில் சுற்றிய பொட்டலத்தோடு வந்தார். பழைய மவுண்டிங், கடைசியாகக் கழற்றின முன்பக்கத்து இரண்டும். மோட்டார் ரூமில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மோட்டாருக்கு அடியில் பிடித்துப் பார்த்தார், அளவு பார்த்தார், தலையை ஆட்டினார். பிசுக்கைக் கட்டைவிரலால் வழித்து லுங்கியில் துடைத்தார். கிண்ணத்தைத் திருப்பி, அதில் பதிந்திருந்த ஜெர்மனி முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க சார்" என்றார் கடைசியில். "ஒரிஜினலுங்க இது."

பேப்பரில் பழையபடி சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.