சீட்டுறைப் பராமரிப்பியல்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

ஆய்வுச் சிக்கல்

மேஜிக், போக்கிமான், யூகியோ முதலிய சேகரிப்புச் சீட்டு ஆட்டங்களில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒளிபுகும் உறையொன்று போடுவது மரபு. ஆட்டக்காரர்கள் இதை ஸ்லீவ் என்பர். சீட்டின் ஓவியம், விலை, அருமை பற்றிப் பேசாத வாய் இல்லை. அதற்காகக் கீறுபட்டு, பிசுக்கேறி, ஓரம் கிழிந்து குப்பைக்குப் போகும் உறையின் நலனைக் கேட்பார் இல்லை. இக்குறையைக் களையவே இவ்வாய்வு எழுந்தது.

ஆய்வு எல்லை

ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993-இல் வெளிவந்த மேஜிக் ஆட்டத்தின் சீட்டு 63 மி.மீ. அகலமும் 88 மி.மீ. உயரமும் கொண்டது. அதற்குரிய உறை பொதுவாக 66-க்கு 91. பெருக்கிக் கழித்தால் 462 சதுர மி.மீ. மிஞ்சுகிறது. சீட்டு குடியிராத, ஆனால் சேதம் முதலில் வந்திறங்குகிற இந்தப் புறம்போக்கே நம் ஆய்வுக்களம். இவ்வாட்டத்தில் சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என அடிப்படை நில வகைகள் ஐந்து. ஐந்திணையோடு ஒப்பிட ஆய்வாளனின் கை துறுதுறுத்தது; எல்லை கருதி அடக்கிக்கொள்ளப்பட்டது.

கருதுகோள்

1880-களில் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள், மெல்லிய காகிதப் பொதி நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகின. அட்டை சும்மா கிடப்பானேன் என்று அதில் நடிகைகள், பேஸ்பால் வீரர்கள் படங்களையும் அச்சிட்டன. 1909 முதல் 1911 வரை வந்த வரிசையொன்றில் இடம்பெற்ற ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் அட்டையொன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. அது காத்த சிகரெட்டுகளை யாரோ அன்றைக்கே ஊதித் தள்ளிவிட்டார்.

ஆக, காவலுக்கு வந்த அட்டை காக்கப்படும் பொருளாயிற்று. அட்டையைக் காக்க உறை வந்தது. ஜப்பானில் அந்த உறையின் முதுகிலும் கதைமாந்தர் ஓவியங்களை அச்சிட்டார்கள். ஓவியம் கீறுபடக் கூடாதென்று அதன்மேல் போட இன்னோர் உறையையும் விற்றார்கள். இதிலிருந்து பெறப்படுவது: ஓர் உறைக்காக ஒருவர் என்று வருந்தத் தொடங்குகிறாரோ, அன்றே அது சீட்டாகப் பதவி உயர்வு பெறுகிறது; காலியான பணியிடத்துக்குப் புதிய உறை நியமிக்கப்படுகிறது.

சிதைவின் வகைமை

சிதைவு நான்கு வகைப்படும். முதலாவது மூலை மழுங்கல்: கலைக்கும்போது கட்டின் ஒரு பாதியை மறுபாதிக்குள் எப்போதும் ஒரே பக்கமாகச் செருகுவதால் வருவது. இரண்டாவது ஓரம் விடுதல்: பக்க ஒட்டு பிரிந்து சீட்டு எட்டிப் பார்ப்பது. மூன்றாவது முதுகுக் கீறல்: விரிப்பில்லா மேசையில் சீட்டை வழித்தெடுப்பதன் பயன். நான்காவது பிசுக்கு: சிப்ஸ் பொட்டலத்துக்கும் கட்டுக்கும் ஒரே கை போய்வருவதால் நேர்வது.

இவை அழகுக் குறைகள் மட்டும் அல்ல. ஓர் உறையின் மூலை மடங்கியிருந்தால் மேலே இருப்பது எந்தச் சீட்டு என்பது தெரிந்துவிடும். போட்டிகளில் இது குறியிட்ட சீட்டு எனப்படும். நடுவர் எச்சரிப்பார், குறிகளில் ஓர் ஒழுங்கு தென்பட்டால் ஆட்டமே பறிபோகலாம். எனவே எல்லா முதுகும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும். 60 சீட்டுக் கட்டில் 20-க்கு மேற்பட்டவை நிலச் சீட்டுகளாக இருப்பது வழக்கம். அவற்றில் பல, தாம் அணிந்த உறையின் விலைகூடப் பெறாதவை. ஆனாலும் அரிய சீட்டுக்கு நேர்ந்த அதே உறை அவற்றுக்கும் கிடைக்கிறது. முழுச் சமத்துவம் நிலவும் சமூகங்களுள் இதுவும் ஒன்று.

காப்பு நெறிகள்

கை கழுவுக. மேசையில் விரிப்பு இடுக. பி.வி.சி. உறையைத் தவிர்க்க; நெகிழ்வுக்காக அதில் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து சீட்டைக் கெடுக்கும். பாலிப்ரொப்பிலீன் உறையே தக்கது. தூசியை உலர்ந்த மென்துணியால் துடைக்க. பெட்டிக்குள் கட்டைத் திணியற்க.

இரட்டை உறை போடுவோர் உள்ளுறையின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு போடுக; அப்போது ஒன்றன் வாயை மற்றதன் அடி மூடும். இவ்வாறு போட்ட கட்டு காற்றடைத்து உப்பும். தடித்த ஆய்வேடு ஒன்றை ஓரிரவு அதன்மேல் வைத்தால் படியும். ஆய்வேடுகளுக்கு இதுவரை அறியப்பட்ட நேரடிப் பயன் இது.

ஓர் உறை கிழிந்தால் அதை மட்டும் மாற்றற்க. பழையவற்றின் நடுவே புத்துறையின் பளபளப்பே குறியாகிவிடும். மாற்றினால் அறுபதையும் மாற்றுக.

மறுப்பும் விடையும்

ஆடாமலே வைத்திருந்தால் உறை கெடாதே எனின், அற்றன்று. கீறலைத் தான் வாங்கிக்கொள்வதே உறையின் தொழில். கீறலே படாத உறை வேலைக்கு வராமல் சம்பளம் வாங்கும் உறை.

முடிவுரை

எத்தனை அடுக்கு போட்டாலும் எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது தூக்கியெறிய மனம் கூசாத மலிவுப் பொருளாக இருக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபு. உறைகளைத் துடைக்கும் மென்துணியில் தூசி படியாமலிருக்க அதை எதில் போட்டு வைப்பது என்பது மேலாய்வுக்கு உரியது.