காது விட்ட இடம், கண்ணுக்குப் பட்டா

கேள்வி: பிறவியிலேயே காது கேளாத என் தோழி, கடைக்கண்ணாலேயே சகலத்தையும் கவனித்துவிடுகிறாளே, எப்படி?

பதில்: அவள் காதால் பார்க்கிறாள்! மூளையில் கேட்பதற்கென்று ஒதுக்கிய இடம் காலி மனையாகக் கிடந்தால், பக்கத்து மனைக்காரரான பார்வை வேலியைத் தள்ளிப் போட்டுவிடுவார். கனடாவில் ஸ்டீபன் லோம்பர் குழு, பிறவியிலேயே காது கேளாத பூனைகளிடம் இதைச் சோதித்தது (2010). அவற்றின் ஓரப்பார்வை மற்றப் பூனைகளைவிடக் கூர்மை. மூளையின் கேட்கும் பகுதியில் ஓர் இடத்தைச் சற்று நேரம் குளிரவைத்து முடக்கினார்கள். அந்தக் கூர்மை காணாமல்போனது. வேறோர் இடத்தை முடக்கினால், மெல்லிய அசைவைக் கண்டுபிடிக்கும் திறமை போயிற்று. பாலைத் திருடும் பூனைக்கு இவ்வளவு ஏற்பாடு!

கேள்வி: அப்படியென்றால் வயதான காலத்தில் வரும் காது மந்தத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம்தானே?

பதில்: கல்யாண வீட்டு இரைச்சலில் சம்பந்தி சொன்னதை உதட்டைப் பார்த்தே ஊகித்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தயாரென்றால் விடலாம். லேசான மந்தத்திலேயே பார்வை அந்தக் கேட்கும் மனைக்குள் நுழைந்துவிடுகிறது என்கிறது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அனு ஷர்மா குழுவின் ஆய்வு. நல்ல சேதி: ஆறு மாதம் காதுக் கருவி அணிந்தவர்களிடம் அது பின்வாங்கியது (2020). பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கோ அவகாசம் குறைவு. உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவியை மூன்றரை வயதுக்குள் பொருத்தினால்தான் கேட்கும் பாதை நன்றாக வளர்கிறது.

கேள்வி: கருவி வாங்கி மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: மேசைக்கு இப்போது நன்றாகக் கேட்கிறதா?